கட்டிய மடியும் அழித்த பிழைக்குறியும்



தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றின் சட்டங்களை நம் இல்லங்களில் விரிவாகப் பேசுகிறோம். கொடுக்கல் வாங்கலின் சட்டங்களை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பழைய கார் ஒன்றை விற்பதும், பழுதான ஒரு மின்னணுப் பெட்டியை மாற்றுவதும் மார்க்கத்தோடு என்ன தொடர்புடையவை என்றே நம்மில் பலர் எண்ணுவோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வண்டியில் நேர்ந்த ஒரு பழுது அந்த எண்ணத்தை மாற்றியது.

சிந்தாதிரிப்பேட்டையில் வசிக்கும் எங்களிடம் ஒன்பது ஆண்டுகள் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று உண்டு. முதுமையடைந்த தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவே பெரும்பாலும் அது பயன்பட்டு வந்தது. ஒரு நாள் நண்பகல் வெயிலில் கூவத்தின் மீதுள்ள பாலத்தைக் கடக்கையில் வண்டி திடீரென வெட்டி இழுத்தது. முகப்புப் பலகையில் கியரைக் காட்டும் எழுத்து விட்டு விட்டு மின்னியது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே கியரில் ஊர்ந்ததே தவிர வேகம் கூடவில்லை. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து இயக்கியபோது ஒன்றுமே நடவாததுபோல் ஓடியது. அடுத்த வாரம் மீண்டும் அதே கதை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள். பி 0700, யு 0101 என இரண்டு பிழைக்குறிகள் வந்தன. டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல் போய்விட்டது என்றார் மெக்கானிக். புதிதாக மாற்ற அவர் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாத வீட்டுச் செலவுக்கு மேல். என் முகம் வாடியதைக் கண்டு அவரே ஒரு வழியும் சொன்னார்: "பாய், கோடை அழிச்சுத் தரேன். விளக்கு உடனே எரியாது. அதுக்குள்ள வித்துடுங்க. வாங்குறவரு ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பாரு, அவ்வளவுதான்."

அவர் தீய மனிதர் அல்லர். என் மீதுள்ள இரக்கத்தால் சொன்னார். இன்று பரவலாக நடப்பதைத்தான் சொன்னார். ஆகவேதான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பெட்டி செய்யும் வேலை

சட்டத்தைப் பேசுமுன் பொருளை அறிந்துகொள்வது நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை மாற்றும் முடிவை ஓட்டுநர் எடுப்பதில்லை. ஒரு சிறிய கணினி எடுக்கிறது. சுருக்கமாக டி.சி.எம். என்று அழைக்கப்படுவது அதுவே. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சி வேகம், அங்கிருந்து சக்கரத்துக்குப் போகும் வேகம், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டுள்ளது, பிரேக் மிதிக்கப்பட்டுள்ளதா, ஆயிலின் வெப்பம் என்ன ஆகியவற்றை உணரிகள் வழியாக அது இடைவிடாமல் அறிந்துகொள்கிறது. அதற்கேற்பச் சோலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகளையோ, சில வகைகளில் சிறு மோட்டார்களையோ இயக்கி கியரை மாற்றுகிறது.

சில வண்டிகளில் இந்தப் பெட்டி கியர்பாக்ஸின் மீதே பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் சூடும் அதிர்வும் ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது உள்ளிருக்கும் சாலிடர் இணைப்புகளில் மயிரிழை அளவு விரிசல் விழலாம். குளிர்ந்திருக்கையில் இணைப்பு ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் விலகும். நண்பகல் நெரிசலில் தோன்றும் பழுது அதிகாலையில் தோன்றாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம்பத்தகாத தகவல் கிடைத்தால், மேலும் சேதம் நேராதபடி வண்டி ஒரே கியரில் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். இதை 'லிம்ப் மோட்' என்பார்கள். நொண்டியபடியேனும் வீடு போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது.

இந்நிலையில் ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிழைக்குறி அழிந்துவிடும். எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும். ஆனால் விரிசல் அப்படியே இருக்கும். அதே சூழல் மீண்டும் வரும்போது குறி மீண்டும் எழும். இடைப்பட்ட சில நாட்கள் வண்டி குறையற்றதாகத் தோன்றும். அந்தச் சில நாட்களைத்தான் அந்த மெக்கானிக் எனக்குத் தர முன்வந்தார்.

ஆட்டின் மடியைக் கட்டியவர்கள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து அரபுச் சந்தையில் கார்கள் இல்லை. ஒட்டகங்களும் ஆடுகளும் இருந்தன. பால் தரும் ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்க நினைப்பவர் சிலர், சில நாட்கள் பால் கறவாமல் மடியைக் கட்டிவைத்து விடுவார்கள். மடி பெருத்துத் தொங்கும். வாங்குபவர் கைநிறையப் பால் கிடைக்கும் என நம்பி விலை கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறந்த பிறகே உண்மை தெரியும். மடி கட்டப்பட்ட அந்தப் பிராணிக்கு 'முஸர்ராத்' என்று பெயர்.

இவ்வாறு செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அறியாமல் வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம்; விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்; கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. வாங்குபவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு என்பது முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மடியைக் கட்டியவர் வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. 'இது இத்தனை படி பால் தரும்' என்று சத்தியம் செய்யவில்லை. பிராணியின் தோற்றமே அவருக்காகப் பொய் சொன்னது. அந்தப் பொய்யையும் மார்க்கம் அவர் கணக்கிலேயே எழுதியது.

பிழைக்குறியை அழித்துவிட்டு வாய் திறவாமல் வண்டியை விற்பவரின் செயல் இதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? அணைந்த விளக்கு அவருக்காகப் பேசுகிறது. கட்டிய மடி ஓரிரு நாளில் வற்றியது; அழித்த குறி ஓரிரு வாரத்தில் திரும்பி வருகிறது. கால அளவைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தென்படவில்லை. ஸ்கேனர் கொண்டு செய்தாலும் கயிறு கொண்டு செய்தாலும் அது மறைத்தலே.

நான் செய்தது

இதையெல்லாம் அன்றே உணர்ந்து விலகிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான், உண்மை அதுவன்று. 'அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா என்று தெரியுமே' என எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு குறியை அழிக்கச் சொன்னேன். மறுநாளே விற்பனைக்கென்று நண்பர்களிடம் சொல்லியும் வைத்தேன். மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வேகம் வியப்புக்குரியது.

பள்ளிவாசலில் முகம் பார்த்துப் பழகிய ஓர் இளைஞர் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தெரு ஓட்டிப் பார்த்தார். விலையும் ஒத்துவந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன். "தேவையில்லை பாய், உங்களைத்தான் தினமும் பள்ளியில பார்க்கிறேனே" என்றார்.

அந்தச் சொல் என்னைத் தைத்தது. அவர் வண்டியைச் சோதிக்கவில்லை. என் தொழுகையைச் சாட்சியாக வைத்து விலை பேசினார். நான் நின்ற ஸஃப்பையே நான் விற்கும் பொருளின் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார். அதன்பின் மறைக்க எனக்கு நா எழவில்லை. இரு முறை வண்டி நின்றதையும், வந்த குறிகளையும், நேற்று அவற்றை அழித்ததையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். "ஜஸாகல்லாஹ்" என்று கூறிச் சென்றார். வண்டியை வாங்கவில்லை. அதன்பின் விசாரித்த இன்னொருவரும் பழுதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார்.

முடிவில் நாங்களே செலவு செய்து சரிசெய்தோம். உண்மை சொன்னதற்காக எதிர்பாராத இடத்திலிருந்து பணம் வந்தது என்றெல்லாம் சொல்வதற்கு இல்லை. பணம் போனது போனதுதான். அந்த இளைஞர் இன்றும் ஜும்ஆவில் எனக்கு அருகில் அமர்ந்து முஸாபஹா செய்கிறார். அவருக்கு அந்த வண்டியை மௌனமாக விற்றிருந்தால் எந்த முகத்தோடு நான் அந்தக் கையைப் பற்றியிருப்பேன்?

மேலே நனைந்ததை ஏன் வைக்கவில்லை?

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த செய்தியை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று விசாரித்தார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கண்டித்தார்கள்.

மழை அவர் செய்த குற்றமன்று. தானியம் நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. நனைந்ததை அடியில் தள்ளியதற்காகக் கண்டிக்கப்பட்டார். பழுதான பொருளை விற்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பழுதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பது முழு ஹலால். சொல்லாமல் விற்பதே தடுக்கப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் கூறினால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

'உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு என்னைக் கேட்காதே' என்று கூறிவிட்டால் போதாதா எனச் சிலர் கேட்பர். அத்தகைய நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தெரிந்த குறையை மறைப்பது கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தெரியாத குறைக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்பது ஒரு பேச்சு. தெரிந்த குறையை அந்தப் பேச்சுக்குள் ஒளித்துவைப்பது வேறு. இரண்டாவது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதேயாகும்.

நாம் வாழும் இந்தப் பேட்டையே சரக்கின் தரத்தை நம்பிப் பிறந்த ஊர். 1734ஆம் ஆண்டு ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்தி உருவாக்கிய சின்னத்தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. துணி வணிகம் என்றதும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நினைவு வருகிறது. அவர்களும் துணி வணிகரே. குறையுள்ள ஒரு துணியைக் காட்டி, அதன் குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளியிடம் பணித்திருந்தார்கள். கூட்டாளி மறதியால் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அதன் பணத்தை இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மறதியால் நேர்ந்ததற்கே அவர்கள் அவ்வளவு அஞ்சினார்கள். நாமோ திட்டமிட்டுச் செய்வதைச் 'சாமர்த்தியம்' என்கிறோம்.

மெக்கானிக்கின் அமானிதம்

விற்பவரைப் பற்றி மட்டும் பேசி நிறுத்துவது நியாயமன்று. பழுதைப் பார்ப்பவர் கையிலும் ஓர் அமானிதம் உண்டு.

எங்கள் வண்டியில் வந்த குறிகளையே எடுத்துக்கொள்வோம். பி 0700 என்பது 'கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஏதோ கோளாறு உண்டு' என்னும் பொதுவான அறிவிப்பு மட்டுமே. யு 0101 என்பது 'டி.சி.எம்.மிடமிருந்து தகவல் வரவில்லை' என்று பொருள்படும். தகவல் வராமைக்குப் பெட்டி பழுதாகியிருப்பது ஒரு காரணம். பேட்டரி தளர்ந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம், கனெக்டரில் நீர் இறங்கிப் பச்சை படிந்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். கதவைத் தட்டியும் பதில் வராவிட்டால் உள்ளே இருப்பவர் இறந்துவிட்டார் என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

நாங்கள் இரண்டாவதாகச் சென்ற மெக்கானிக் ஓர் இந்துச் சகோதரர். அவர் பெட்டியைத் தொடவேயில்லை. முதலில் பேட்டரியை அளந்தார். எர்த் ஒயரைக் கழற்றிச் சுரண்டிப் பொருத்தினார். பிறகு பேட்டரியின் இணைப்பை நீக்கிவிட்டு, வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரின் மின்தடையை அளந்தார். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டுமாம், காட்டியது. கனெக்டரைச் சுத்தம் செய்து நான்கு நாட்கள் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நண்பகல் சூட்டில் பழுது திரும்பி வந்த பிறகே, "இப்போ மாட்யூல்தான்னு நம்பிச் சொல்றேன்" என்றார். இந்தச் சோதனைகளுக்கு அவர் வாங்கிய கூலி சொற்பம். முதல் மெக்கானிக் சொன்ன அதே விடையைத்தான் இவரும் சொன்னார். எனினும் முன்னவர் சொன்னது ஊகம். இவர் சொன்னது அறிந்து சொன்னது. ஊகம் தவறியிருந்தால் அதன் விலையை நான் செலுத்தியிருப்பேன். அவர் செலுத்தியிருக்க மாட்டார்.

நம் சமுதாயத்தில் ஒர்க்‌ஷாப் நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சறிய 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

பழைய சாமானும் வெள்ள நீரும்

கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. பிரித்தெடுத்த வாகனப் பாகங்களுக்கு ஊரெங்கும் பெயர்பெற்ற சந்தை. நம்மவரும் பிற சமயத்தவரும் தோளோடு தோள் நின்று உழைத்துப் பிழைக்கும் இடம். புதிய மாட்யூலின் விலையைக் கேட்டுத் திகைத்த நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்தச் சந்தை ஒரு பெரும் உதவி. பழைய பாகத்தை வாங்குவதில் தவறேதும் இல்லை. வீண்விரயத்தைத் தவிர்ப்பதும் நற்செயலே.

ஆனால் மின்னணுப் பெட்டி, கதவையோ பம்பரையோ போன்றதன்று. கதவின் நெளிவு கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குள் இறங்கிய நீர் தெரியாது. கூவமும் அடையாறும் கரைபுரண்ட 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் தாக்கிய 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் மாட்யூல் உலர்ந்தபின் சில மாதம் வேலை செய்யக்கூடும். உள்ளே அரிப்பு மெல்ல நடந்துகொண்டிருக்கும். 'இது வெள்ளத்தில் நனைந்த வண்டியிலிருந்து எடுத்தது' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி விற்பவர், மதீனாச் சந்தையின் ஈரத் தானியத்தை மேலே எடுத்து வைப்பவராவார்.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் டி.சி.எம். அந்தக் குறிப்பிட்ட வண்டியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேறு வண்டியிலிருந்து எடுத்ததைப் பொருத்தினால் அதற்குரிய மென்பொருளை ஏற்றி எண்ணை மாற்றி எழுத வேண்டும். சிலவற்றில் அது இயலவே இயலாது. பொருத்திய பின் கிளட்ச் பிடிக்கும் இடத்தைப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு சீரமைப்பும் தேவைப்படும். இவற்றைச் சொல்லாமல் 'அதே மாடல்தான், போட்டா ஓடும்' என்று விற்றால், வாங்கியவர் கையில் கிடைப்பது ஒரு இரும்புப் பெட்டி மட்டுமே.

பெரிய நிறுவனம் மறைத்தபோது

இது சிறு கடைகளின் நோய் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் வண்டி வேறு நிறுவனத்தினுடையது. ஆயினும் உலகறிந்த ஒரு வழக்கை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிப்ட்' கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், இகோஸ்போர்ட் வண்டிகள் அதிர்ந்து நடுங்குவதாக ஆஸ்திரேலியாவில் வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். இகோஸ்போர்ட் நம் சென்னைக்கு அருகே மறைமலைநகரிலும் உற்பத்தியான வண்டி. தரக் குறைபாட்டின் அறிகுறி அந்த நடுக்கம் என்று தெரிந்திருந்தும், நீங்கள் ஓட்டும் முறையே காரணம் என்று பலரிடம் நிறுவனம் கூறியது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம், முறையீடுகளை அது கையாண்ட விதம் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று அறிவித்து 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே கியர்பாக்ஸின் டி.சி.எம்.முக்கு அமெரிக்காவில் 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் வரை உத்தரவாதத்தை 2014இல் அந்நிறுவனமே நீட்டித்திருந்தது.

பழுது ஏற்பட்டதற்காக மட்டும் ஒரு நிறுவனம் தலைகுனிய வேண்டியதில்லை. பழுதைச் சொல்லாமல் பழியை வாங்கியவர் மீதே போட்டதுதான் அதைத் தலைகுனிய வைத்தது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தானியக் கடையில் வகுக்கப்பட்ட நெறிக்கு, தன் வழியே சிந்தித்த ஒரு நீதிமன்றமும் வந்து சேர்ந்தது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு

நாம் வாங்கும் இடத்தில் இருக்கையில் வேறு வகையான ஏமாற்றுக்கு ஆளாகிறோம். வெறும் எர்த் ஒயர் கோளாறு என்று நமக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. 'கியர்பாக்ஸே போச்சு' என்று அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறோம். ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரை பேசப்பட்டது. குதிரையின் மதிப்பு அதைவிட அதிகம் என்று கண்ட அவர், விற்றவரிடம் தாமே அதைச் சொல்லி, நூறு நூறாக உயர்த்தி எண்ணூறு திர்ஹம் கொடுத்தார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்திருந்ததே அதற்குக் காரணம். அந்த உயரத்தை நாம் எட்டாமல் போகலாம்; பொய்யான குறையைக் கற்பித்து விலையைக் குறைக்காமலேனும் இருக்கலாம்.

அத்துடன், நம்பிக்கை வேறு, கவனமின்மை வேறு. அந்த இளைஞர் என்னை நம்பியது என் அதிர்ஷ்டம். அவருக்கு அது ஆபத்தாகவும் முடிந்திருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பிழைக்குறி இல்லை என்பதைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குறிகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல வண்டிகள் காட்டும். பத்துக் கிலோமீட்டர் என்று காட்டினால் ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினோடு ஒரு முறையும், நன்கு சூடேறிய பின் நெரிசலில் ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். விற்பவர் சொன்ன குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கடனை எழுதிவைக்கும்படி வழிகாட்டிய மார்க்கம் நம்முடையது. எழுதுவது அவநம்பிக்கை ஆகாது. ஒர்க்‌ஷாப்போ கடையோ ஏமாற்றினால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம்.

நிறைவாக

'எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள். நாம் மட்டும் சொன்னால் நமக்குத்தான் நட்டம்' என்ற வாதத்தை நான் மறுக்கப் போவதில்லை. நட்டம் உண்மையே, அதை நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்லாமல் விற்றால் அந்த நட்டம் மறைந்து போவதில்லை. நம்மிடமிருந்து இன்னொரு குடும்பத்துக்கு இடம் மாறுகிறது. பாலத்தின் நடுவே வண்டி நிற்கும். உள்ளே அமர்ந்திருப்பவர் வேறொருவரின் தாயாராக இருப்பார். அவ்வளவுதான் வேறுபாடு.

சிறிய மின்னணுப் பெட்டிகள் நம் வாழ்வில் பெருகிக்கொண்டே போகின்றன. கார் மட்டுமன்று, கைப்பேசி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் யாவற்றிலும் அவை இருக்கின்றன. உள்ளே கைவிட்டு ஈரத்தை உணர இயலாத குவியல்கள் இவை. வாங்குபவரின் விரல் எட்டாத இடத்தில், விற்பவரின் நா மட்டுமே சாட்சி. ஆகவே முன்னைவிட இப்போது அந்த நாவின் பொறுப்பு கூடுதல்.

இந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்குச் செல்லும் முன், நாம் விற்க வைத்திருக்கும் பொருள்களில் சொல்லாமல் வைத்திருக்கும் குறை ஏதேனும் உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். இருந்தால் சொல்லிவிடுவோம். முன்பே விற்றுவிட்டோம் என்றால், வாங்கியவரைத் தேடிச் சென்று பேசுவதற்கும் இன்னும் காலம் இருக்கிறது.

நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் நம் வணிகத்தைப் பரக்கத் உள்ளதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.